இணையத்தில் ஒப்படைக்கப்படும் புகைப்படங்கள்: முழுத் தொகுதியும் வாடிக்கையாளரைச் சேரவேண்டும்

திருமணம் நிறைவுபெற்றுச் சில வாரங்கள் கழிந்த பின்னர் மணமக்களின் கையடக்கத் தொலைபேசிக்குப் புகைப்படக் கலைஞரிடமிருந்து ஓர் இணைப்பு வந்து சேர்கின்றது. அதனை அழுத்தியதும் பொன்னுருக்கு முதல் நாலாம் சடங்கு வரையிலான படங்கள் வரிசையாக விரிகின்றன. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவும் பாரிஸில் இருக்கும் சித்தியும் அதே நிமிடத்தில் அவற்றைப் பார்த்து மகிழ்கின்றனர். இந்த வசதி வரவேற்கத்தக்கது என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை.

பார்த்து முடிந்ததும்தான் சிக்கல் ஆரம்பமாகின்றது. இப்படங்களைத் தமது கணினியில் சேமிக்க விரும்பும் குடும்பத்தினர், சில தளங்களில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே திறந்து தரவிறக்கம் செய்யவேண்டியுள்ளது. ஆயிரம் படங்கள் என்றால் ஆயிரம் தடவை. வேறு தளங்களில் முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் தரவிறக்குவதற்கான பொத்தான் ஒன்று காணப்படுகின்றது. வாடிக்கையாளர்களில் பலர் அறியாத விடயம் யாதெனில், பெரும்பாலான புகைப்படச் சேவைத் தளங்களில் இந்தப் பொத்தானைத் திறந்துவிடுவதும் மூடிவைப்பதும் புகைப்படக் கலைஞரின் தெரிவாகும் என்பதே. எனவே, இது தொழில்நுட்பத்தின் குறைபாடு என்று எண்ணி வாளாவிருந்துவிட முடியாது. முழுத் தொகுதியும் அதன் முழு அளவில் வாடிக்கையாளரைச் சென்றடையவேண்டும் என்பதும், அது முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பேசித் தீர்க்கப்படவேண்டிய விடயம் என்பதும் நமது நிலைப்பாடாகும்.

பழைய நடைமுறையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது பொருத்தமானது. படச்சுருள் காலத்தில் ஸ்டூடியோக்காரர் அச்சிட்ட படங்களையும் அல்பத்தையும் கொடுப்பார். நெகட்டிவ் அவரிடமே இருக்கும். மேலதிகப் பிரதி தேவைப்படும் போதெல்லாம் அவரைத்தான் நாடவேண்டும். மேலதிகப் பிரதிகள் அவரது வருமானத்தின் ஒரு பகுதியாக இருந்தமையால் அந்த ஏற்பாட்டை எவரும் பெரிதாகக் குறைகூறவில்லை. டிஜிட்டல் கமராக்கள் வந்த பின்னர் அந்நிலை மாறியது. படங்கள் அனைத்தும் இறுவட்டிலோ பென் டிரைவிலோ பதியப்பட்டு வாடிக்கையாளரின் கையில் கொடுக்கப்பட்டன. இப்பொழுது இணையத் தொகுப்பு வந்துள்ளது. தோற்றத்தில் இது முன்னேற்றமாக இருப்பினும், தரவிறக்க வசதி மூடப்பட்டிருக்குமாயின் நாம் மீண்டும் நெகட்டிவ் அலுமாரியின் முன்னால் போய் நிற்கிறோம் என்றே கொள்ளவேண்டும். அந்த அலுமாரியாவது ஊரில் இருந்தது. இன்றைய அலுமாரியோ எந்த நாட்டில் உள்ளதென்று புகைப்படக் கலைஞருக்கே தெரியாதிருக்கலாம்.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சற்று விரிவாக நோக்குவோம். 24 மெகாபிக்சல் கமராவில் எடுக்கப்படும் படம் நீளவாக்கில் 6000 புள்ளிகளையும் அகலவாக்கில் 4000 புள்ளிகளையும் கொண்டது. நல்ல தரத்தில் சேமிக்கப்படும் இத்தகைய படமொன்று ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஆயிரம் படங்கள் என்றால் 10 கிகாபைட். வினாடிக்கு 10 மெகாபிட் வேகம் கொண்ட இணைப்பில் இதனைத் தரவிறக்க இரண்டேகால் மணித்தியாலம் வரை செல்லும். கைத்தொலைபேசித் தரவுப் பொதியை நம்பியிருக்கும் குடும்பம் ஒன்றுக்கு இது செலவுமிக்க காரியமாகும்.

இதனாற்றான் பல தளங்கள் இரண்டு அளவுகளில் படங்களை வழங்குகின்றன. ஒன்று மூல அளவு. மற்றையது இணைய அளவு எனப்படுவது; நீளப் பக்கம் பெரும்பாலும் 2048 புள்ளிகளாக இருக்கும். திரையில் பார்க்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அச்சிடும் போதுதான் உண்மை வெளிப்படும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழமையான அச்சுத் தரத்தில் மூலப் படத்தை 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். இணைய அளவுப் படமோ 7 அங்குலத்தைக்கூட எட்டாது. முழுத் தொகுதியும் கிடைத்துவிட்டது என்று மகிழ்வோரிற் சிலருக்குக் கிடைத்திருப்பது இந்தச் சிறிய அளவுதான். வட்ஸ்அப் மூலம் பெற்ற படங்களைச் சேமித்துவைத்து ஆறுதல் அடைவோரின் நிலை இதனிலும் கீழானது. அச்செயலி, படமாக அனுப்பப்படுவதை வழமையாகச் சுருக்கியே அனுப்புகின்றது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மாத்திரமே மூலக்கோப்பு மாற்றமின்றிப் போய்ச்சேரும்.

முழுத் தொகுதியையும் தரவிறக்குமாறு கேட்டதும் தளத்தின் சேவையகம் படங்களையெல்லாம் ஒரே பொதியாகக் கட்டுகின்றது. ஸிப் எனப்படும் இந்தப் பொதி முறைமை 1989இல் அமெரிக்கரான பில் கட்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஸிப் என்றதும் கோப்பின் அளவு சுருங்கிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். புகைப்படக் கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவையாதலால் பொதியாக்குவதால் இடம் மிச்சப்படுவது மிகச் சொற்பமே. அதன் பயன், ஆயிரம் கோப்புகளை ஒரு கோப்பாக அனுப்ப முடிவதுதான்.

இப்பொதியின் அமைப்பில் உள்ள ஓர் இயல்பை அறிந்திருப்பது நன்று. உள்ளே என்னென்ன கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்ற அட்டவணை பொதியின் இறுதியில் எழுதப்படுகின்றது. தரவிறக்கம் 95 சதவீதத்தில் அறுந்துவிட்டால் அட்டவணை வந்துசேராது. பெரும்பாலான படங்கள் வந்திருந்தபோதிலும் கணினி அப்பொதியைப் பழுதானது என்று கூறித் திறக்க மறுக்கும். மீட்பதற்கான மென்பொருட்கள் உண்டெனினும் சாதாரண பாவனையாளர் அவற்றை அறியமாட்டார். விட்ட இடத்திலிருந்து தரவிறக்கத்தைத் தொடர இணைய நெறிமுறையில் வழியுண்டு. ஆயினும் பொதியைக் கட்டிக்கொண்டே அனுப்பும் தளங்களில் மொத்த அளவு முன்கூட்டியே தெரியாதாகையால் அவ்வழி பெரும்பாலும் பயன்படுவதில்லை. மீண்டும் முதலிலிருந்தே ஆரம்பிக்கவேண்டும். மின்வெட்டோ, மழைக்கு அறுந்துவிழும் இணைப்போ வழக்கமாகிவிட்ட இடங்களில் வாழ்வோருக்கு இதன் வேதனையை விளக்கத் தேவையில்லை.

ஸிப் முறைமையின் மூல வடிவம் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பொதியை ஏற்கவில்லை. 2001இல் வந்த விரிவாக்கம் அந்த எல்லையை நீக்கிவிட்டது. ஆனால், பழைய மென்பொருட்களும், ஃபாட் 32 முறையில் வடிவமைக்கப்பட்ட பென் டிரைவ்களும் இன்றும் அந்த எல்லையில் முட்டிக்கொள்கின்றன. ஆகவே முழுத் தொகுதியையும் 2 கிகாபைட் அளவிலான பல பொதிகளாகப் பிரித்துத் தருமாறு கேட்பதே விவேகமானது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மீண்டும் எடுத்தாற் போதும். சடங்கு வாரியாகப் பிரித்தால் இன்னும் நல்லது. கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டால் சில கணினிகளில் அவை புரியாத குறியீடுகளாக மாறுவதையும் கண்டிருக்கிறோம். பன்மொழி எழுத்துகளுக்கான ஏற்பாடு இம்முறைமையில் 2006இல் சேர்க்கப்பட்டுவிட்ட போதிலும் எல்லா மென்பொருட்களும் அதனைச் சரிவரப் பின்பற்றுவதில்லை. கோப்புகளுக்கு இலக்கங்களை மட்டும் இட்டு, விபரங்களைத் தனியே எழுதிவைப்பது உத்தமம்.

இனி, புகைப்படக் கலைஞர்கள் இந்தப் பொத்தானை ஏன் மூடிவைக்கின்றனர் என்பதையும் நியாயமாக நோக்கவேண்டும். அவர்கள் கூறும் காரணங்கள் யாவும் புறந்தள்ளத்தக்கவையல்ல. மீதிப்பணம் செலுத்தப்படாத நிலையில் முழுத் தொகுதியையும் ஒப்படைத்துவிட்டு அலைக்கழிந்தோர் உள்ளனர். அல்பமும் பெரிதாக்கிய படங்களும் அவர்களது வருமானத்தில் கணிசமான பங்கை வகிக்கின்றன. கோப்புகள் கைக்கு வந்தபின்னர் அச்சு வேலைக்கு வாடிக்கையாளர் வேறு இடத்தை நாடுகின்றார். தாம் பார்த்துப் பார்த்து நிறம் திருத்திய படத்தின்மீது எவரோ கைத்தொலைபேசிச் செயலியால் வேறு நிறம் பூசி, கலைஞரின் பெயருடனேயே வெளியிடுவதும் நடக்கின்றது.

செலவும் உண்டு. சேமித்துவைப்பதற்கு மட்டுமன்றி, தரவு வெளியே செல்வதற்கும் இணையச் சேமிப்பு நிறுவனங்கள் கட்டணம் அறவிடுகின்றன. உதாரணமாக, அமேசன் நிறுவனத்தின் அமெரிக்கச் சேவையகங்களில் வெளிச்செல்லும் தரவுக்கான ஆரம்பப் பட்டியல் விலை கிகாபைட்டுக்கு ஏறத்தாழ 9 அமெரிக்கச் சதமாகும். மாதந்தோறும் கிடைக்கும் இலவச அளவைக் கடந்துவிட்டால், 10 கிகாபைட் தொகுதியை ஒருவர் தரவிறக்க 90 சதம் செலவாகும். இணைப்பைப் பெற்ற உறவினர் முப்பது பேரும் அவ்வாறு செய்தால் 27 டொலர். மாதக் கட்டணத்துக்குள் இதனை அடக்கிவிடும் சேவைகள் பல உள்ளபோதிலும், சொந்தத் தளம் நடத்தும் சிறிய ஸ்டூடியோவுக்கு இது பாரமே.

எனினும், இவற்றுள் ஒன்றேனும் முழுத் தொகுதியையும் மறுப்பதற்கான காரணமாகாது. மீதிப்பணம் கிடைக்கும்வரை பொத்தானை மூடிவைத்து, கிடைத்ததும் திறந்துவிடலாம். அச்சு வருமானம் குறையுமென்று அஞ்சுபவர் படப்பிடிப்புக் கட்டணத்திலேயே கோப்புகளின் விலையைச் சேர்த்து, அதனை வெளிப்படையாகக் கூறலாம். வாடிக்கையாளர் ஆட்சேபிப்பது விலையை அல்ல. எல்லாம் முடிந்த பின்னர், முன்பு சொல்லப்படாத ஒரு விலை முளைப்பதையே.

உரிமை யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விடை கூறுகின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பிறர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆக்கப்படும் படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, அதனை ஆக்குவித்தவருக்கே உரியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பணம் கொடுத்து எடுப்பிக்கப்படும் புகைப்படம் தொடர்பில் இதே போக்கையே கொண்டுள்ளது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்புரிமையைப் புகைப்படக் கலைஞருக்கு வழங்கியது. ஆயினும் தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக எடுப்பிக்கப்பட்ட படங்களை அவர் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்துவதைத் தடுக்கும் உரிமையை எடுப்பித்தவருக்குக் கொடுத்தது. கனடாவில் 2012 வரை எடுப்பித்தவரின் பக்கம் சாய்ந்திருந்த சட்டம் அவ்வாண்டில் கலைஞரின் பக்கம் மாற்றப்பட்டது. ஸ்காபரோவில் நடந்த திருமணத்துக்கும் நல்லூரில் நடந்த திருமணத்துக்கும் ஒரே விதி பொருந்தும் என்று புலம்பெயர்ந்த உறவினர்கள் எண்ணிவிடலாகாது.

ஆனால் இவ்விடத்தில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பதிப்புரிமை வேறு, கோப்பு வேறு. பிரித்தானியாவில் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சொந்தப் பாவனைக்கென முழுத் தொகுதியையும் வாடிக்கையாளருக்குக் கலைஞர் வழங்கலாம். மறுபுறத்தில், இலங்கைச் சட்டத்தின்படி உரிமை முழுவதும் மணமக்களிடம் இருந்தாலும், கோப்பு கலைஞரின் வன்தட்டில் மட்டும் இருந்து அது பழுதடைந்துவிட்டால் அந்த உரிமையால் ஆவது எதுவுமில்லை.

வன்தட்டில் இல்லாவிட்டாலும் இணையத்தில் இருக்கின்றதே என்று சிலர் கூறக்கூடும். இணையத் தளங்களின் ஆயுள் பற்றிய வரலாறு அவ்வளவு நம்பிக்கையூட்டுவதாக இல்லை. தொழில்முறைப் புகைப்படக் கலைஞர்களின் களஞ்சியமாக விளங்கிய டிஜிட்டல் ரெயில்றோட் என்ற அமெரிக்க நிறுவனம் 2008 ஒக்டோபரில் மூடப்பட்டபோது, படங்களை எடுத்துச்செல்ல 24 மணித்தியால அவகாசமே அறிவிக்கப்பட்டது. கோடக் நிறுவனத்தின் இணையத் தொகுப்புச் சேவை 2012இல் மூடப்பட்டது. கூகுளின் பிக்காசா இணைய அல்பங்கள் 2016இல் முடிவுக்கு வந்தன. ஃபிளிக்கர் தளம் இலவசக் கணக்குகளை ஆயிரம் படங்களுக்கு மட்டுப்படுத்துவதாக 2018இல் அறிவித்தது. கூகுள் ஃபோட்டோஸ் சேவையின் எல்லையற்ற இலவச இடம் 2021 ஜூன் முதலாந் திகதியுடன் நின்றுபோனது. இவை உலகப் பெரும் நிறுவனங்களின் கதைகள். நமது ஊர்ப் புகைப்படக் கலைஞர் மாதக் கட்டணம் செலுத்தி நடத்தும் தொகுப்பு, அவர் கட்டணம் செலுத்த மறந்தாலோ, தொழிலைக் கைவிட்டாலோ, வெளிநாடு சென்றுவிட்டாலோ எவ்வித அறிவித்தலுமின்றி மறைந்துவிடும். அத்துடன், பல தொகுப்புகளுக்கு ஆரம்பத்திலேயே காலாவதித் திகதி இடப்படுகின்றது. அது பற்றிய மின்னஞ்சல் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குள் விழுந்து கிடக்கும்.

இதனை நாம் வலியுறுத்துவதற்கு நமது சமூகத்துக்கே உரிய காரணமும் உண்டு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்களும், 2004 டிசெம்பரில் கடல்கோளுக்கு வீடுகளை இழந்த கரையோரத்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களும் விட்டுவந்தவற்றுள் அல்பங்கள் அடங்கும். ஸ்டூடியோக்களும் நெகட்டிவ்களும் அவற்றோடு அழிந்தபோது, கடல்கடந்த உறவினருக்குத் தபாலில் அனுப்பியிருந்த ஓரிரு பிரதிகளே எஞ்சின. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் ஆரம்பித்த தொடர் போராட்டத்தில் கைகளில் ஏந்தி நின்றவை புகைப்படங்களே. தனிப்படம் இல்லாத நிலையில், கூட்டமாக எடுத்த படமொன்றிலிருந்து ஒரு முகத்தை வெட்டிப் பெருப்பிக்க நேர்ந்த குடும்பங்களும் நம்மிடையே உள்ளன.

முழுத் தொகுதி வேண்டும் என்பதன் பொருள் இங்கேதான் தெளிவாகின்றது. அல்பத்துக்குத் தெரிவுசெய்யப்படுவன நூறு படங்களுக்கு உட்பட்டவை. அவை மணமக்களின் அழகைப் பார்த்துத் தெரியப்படுகின்றன. எஞ்சிய தொள்ளாயிரம் படங்களில்தான் பந்தலின் ஓரத்தில் கதிரையில் அமர்ந்திருக்கும் அம்மம்மாவும், பந்தியில் பரிமாறும் பெரியப்பாவும், விழா முடிந்து சில மாதங்களில் காலமாகிவிடும் அயலவரும் இருக்கின்றார்கள். எடுத்த வருடத்தில் எவரும் திரும்பிப் பாராத அப்படங்களைத்தான் இருபது வருடங்களின் பின்னர் குடும்பம் தேடும். கலைஞர் கழித்துவிட்ட மங்கிய, கண்மூடிய படங்களையும் தரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர் ஒப்புக்கொண்டு தொகுப்பில் இட்டவை அனைத்தும் வந்துசேரவேண்டும் என்றே கேட்கிறோம்.

மறுபக்கத்தில் ஓர் அபாயமும் உள்ளதை மறைப்பதற்கில்லை. முழுத் தொகுதியையும் ஒரே அழுத்தலில் எடுக்கமுடியுமாயின், இணைப்பைப் பெற்ற எவரும் அவ்வாறு எடுக்கலாம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிரப்படும் இணைப்பு அக்குழுவோடு நின்றுவிடுவதில்லை. பூப்புனித நீராட்டு விழாப் படங்கள் இதற்குத் தகுந்த உதாரணம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியின் நூற்றுக்கணக்கான படங்கள் முன்பின் தெரியாதவரின் கணினியில் பொதியாக இறங்கிவிட்டால் அதனைத் திரும்பப்பெற வழியில்லை. சில ஸ்டூடியோக்கள் இத்தகைய படங்களைத் தமது முகநூல் பக்கங்களில் விளம்பரத்துக்காக இடுவதும், பெற்றோரிடம் ஒரு வார்த்தையேனும் கேட்காமல் இடுவதும் கண்டிக்கத்தக்க செயலாகும்.

இதற்குத் தீர்வு பொத்தானை எல்லோருக்கும் மூடிவிடுவதன்று. பார்க்கும் அனுமதியையும் தரவிறக்கும் அனுமதியையும் வேறாக்கும் வசதி பல சேவைகளில் உள்ளது. தொகுப்பைப் பார்ப்பதற்கு ஒரு கடவுச்சொல்லும், முழுத் தொகுதியையும் எடுப்பதற்கு வேறோர் இரகசிய இலக்கமும் வைக்கலாம். இரண்டாவதை மணமக்களுக்கோ பெற்றோருக்கோ மட்டும் கொடுத்தால், எவருக்குப் பிரதி கொடுப்பதென்பதை அவர்களே தீர்மானிப்பர். ஆயிரம் படங்களும் முப்பது பேருக்கு இறங்குவதால் கலைஞருக்கு ஏற்படும் செலவும் இதனால் குறையும்.

படப்பிடிப்புக்கு ஒழுங்கு செய்யும் வேளையில் வாடிக்கையாளர் எழுத்தில் பெறவேண்டியவை அதிகமில்லை. திருத்திய படங்கள் ஏறத்தாழ எத்தனை தரப்படும், அவை மூல அளவிலா, முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் எடுக்கமுடியுமா, தொகுப்பு எந்தத் திகதி வரை திறந்திருக்கும், அதற்குப் பின்னர் கலைஞர் தம்மிடம் பிரதி வைத்திருப்பாரா, விளம்பரத்துக்குப் படங்களைப் பயன்படுத்துவதாயின் யாரிடம் அனுமதி கேட்பார் என்பவையே அவை. இணைய வசதி குறைந்த இடங்களில் வாழ்வோர் வன்தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே நேரில் சென்று பதிந்துகொள்வதில் தவறொன்றுமில்லை. 10 கிகாபைட்டுக்கு அதுவே விரைவான வழி.

தரவிறக்கம் செய்வோர் இயலுமானவரை கணினியிலேயே செய்வது நல்லது. கைத்தொலைபேசியில் இறங்கும் பொதி படத்தொகுப்புக்குள் செல்லாமல் கோப்புகளுக்கான இடத்தில் போய் அமர்ந்துகொள்வதால், பலர் அது வரவேயில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் தரவிறக்கித் தரவை விரயமாக்குகின்றனர். பொதியை விரித்த பின்னர் தொகுப்பில் காட்டப்படும் எண்ணிக்கையையும் கோப்புறையில் உள்ள எண்ணிக்கையையும் ஒப்பிடவேண்டும். ஒவ்வொரு பொதியிலும் முதற் படத்தையும் கடைசிப் படத்தையும் திறந்து, அவற்றின் அளவு 2048 புள்ளிகளா 6000 புள்ளிகளா என்று பார்க்கவேண்டும். பின்னர் வேறொரு வன்தட்டில் இன்னொரு பிரதி எடுத்து, அதனை வேறொரு வீட்டில், முடிந்தால் வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவைக்கவேண்டும். இவ்வளவும் முடியும்வரை, தமது பிரதியை அழித்துவிடலாமா என்று கலைஞர் கேட்டால் சற்றுப் பொறுத்திருக்குமாறு கூறுவதே முறையாகும்.